நேரம் பார்த்து அடைத்தல்: பாகூர் மதகிலிருந்து சாவி டைமர் வரை

வீட்டுக்கு வரும் நீரையோ எரிவாயுவையோ மின்சாரத்தையோ குறித்த நேரத்தில் தானாக நிறுத்தும் சாவி டைமர், ஐரோப்பாவின் தெருவிளக்குகளுக்காகப் பிறந்த கருவி. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கம்யூன்களுக்கு அது வெகு தாமதமாகவே வந்து சேர்ந்தது. ஆனால் அது தீர்க்க வந்த சிக்கல் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. நீரைத் திறந்துவிட ஆள் தேட வேண்டியதில்லை. தேவை உள்ளவர் தாமாகவே வந்து திறந்துவிடுவார். அடைப்பதற்குத்தான் ஆள் வேண்டும். பங்கு முடிந்த நொடியில் அந்த இடத்தில் இருக்கவும் வேண்டும், அடைக்கும் மனமும் வேண்டும். ஏரிப் பாசனத்தின் சண்டைகளும் ஏற்பாடுகளும் பெரும்பாலும் இந்த அடைப்பைச் சுற்றியே எழுந்தன.

புதுச்சேரிப் பகுதியில் சிறிதும் பெரிதுமாக 84 ஏரிகள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் பெரியது வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரி. அதன் ஒரு பாதி தமிழ்நாட்டு எல்லைக்குள் கிடக்கிறது. அடுத்தது பாகூர் ஏரி. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகவும், பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகவும் நீர் வருகிறது. பாகூர் பழைய ஊர். 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. ஒரு கல்விச்சாலையை ஊர்களின் விளைச்சலைக் கொண்டு நடத்த முடிந்தது என்றால், அந்த விளைச்சலைத் தாங்கும் நீர் ஏற்பாடும் அப்போதே ஒழுங்குபட்டிருக்க வேண்டும்.

ஏரியின் நீரை வெளியே விடும் வாசல் மதகு. பழைய மதகின் அமைப்பு எளியது. கரைக்கு உட்புறம் நீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களில் துளை இருக்கும். அந்தத் துளைகளின் வழியே இறங்கும் நீண்ட கம்பின் நுனியில் கூம்பு வடிவக் கட்டை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கம்பை ஏற்றினால் அடித்தளத்துத் துளை திறந்து, கரையின் அடியில் ஓடும் தூம்பு வழியாக நீர் வெளியேறும்; இறக்கினால் அடைபடும். எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு நேரம் விடுவது என்பதுதான் பாசனத்தின் மொத்தக் கணக்கும். இந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தவரை வட தமிழகத்தின் ஏரிப் பகுதிகளில் நீர்க்கட்டி, நீராணி, கம்புகட்டி என்று இடத்துக்கு இடம் வெவ்வேறாக அழைத்தார்கள். பல ஊர்களில் அவர் நிலமற்ற தலித் குடும்பத்தைச் சேர்ந்தவர். நிலம் இல்லாததால் எந்த வயலுக்கும் சாய மாட்டார் என்று ஊர் நம்பியது. கூலி, அறுவடை முடிந்ததும் களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. ஒரு ஊரின் நீர்ப் பங்கீடு முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவருக்கு அந்த நீரில் ஒரு காணி நிலம்கூட இல்லாமல் வைத்திருந்தது அந்த ஏற்பாட்டின் பெரிய அநீதி. வேலையின் நுட்பத்தையும் அந்த அநீதியையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் நேரக் கணக்கு தேவைப்படவில்லை. வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கும், வேண்டியவர் மடையை வெட்டிவிட்டுப் பாய்ச்சிக்கொள்வார். நீர் குறைந்து, கதிர் பிடிக்கும் பருவத்தில் பற்றாக்குறை தெரிந்ததும் ஊர் கூடி முறை வைக்கும். முறை என்றால் இன்னாருக்கு இத்தனை நாழிகை என்ற பங்கு. ஒரு நாழிகை 24 நிமிடம். பகலும் இரவும் சேர்ந்த நாளுக்கு 60 நாழிகை. மணிப்பொறி வருவதற்கு வெகு காலம் முன்பே தமிழ்நாட்டார் இந்த அளவை நம்பத்தக்க விதமாகக் கணித்தார்கள். முல்லைப்பாட்டில் போர்ப் பாசறையில் நாழிகை வட்டிலைப் பார்த்துப் பொழுது சொல்பவர்கள் வருகிறார்கள். பகலில் பொழுது அறியக் கணக்கதிகாரம் என்னும் பழைய கணக்கு நூல் ஓர் எளிய வழி தருகிறது. ஒரு துரும்பைப் பதினாறு சம அளவுகளாகக் குறித்து, ஒரு பகுதியை வெயிலில் நிமிர்த்தி மறு பகுதியைத் தரையில் கிடத்தி, நிமிர்ந்த பகுதியின் நிழல் கிடந்த பகுதியின் நுனியைத் தொடும்படி மடிக்க வேண்டும். நிமிர்ந்து நிற்பது எத்தனை பங்கோ, முற்பகலில் அத்தனை நாழிகை. கதிரவன் நடுவானுக்குப் பாதி வழி ஏறியிருக்கும்போது எட்டுப் பங்கு நிற்கும், எட்டுப் பங்கு கிடக்கும். அப்போது உண்மையான பொழுது ஏழரை நாழிகை. வயல் வரப்பில் கிடைக்கும் ஒரு துரும்பைக் கொண்டு பெற்ற விடை என்று பார்க்கும்போது இந்தத் துல்லியம் வியப்புக்குரியது.

இரவிலும் மேகமூட்டத்திலும் துரும்பு உதவாது. அதற்கு மூழ்கும் வட்டில் இருந்தது. அடியில் நுண்ணிய துளையிட்ட செம்புக் கிண்ணத்தை நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்கவிடுவார்கள். துளை வழியே நீர் ஏறி, கிண்ணம் மூழ்கும் நேரம் ஒரு நாழிகை ஆகுமாறு துளையின் அளவு அமைக்கப்பட்டிருக்கும். கோயில்களிலும் அரண்மனைகளிலும் செம்பில் இருந்தது, தமிழகத்தின் சில ஏரி, கண்மாய்ப் பாசனங்களில் மண்ணில் வந்தது. ஓட்டையிட்ட பானை மூழ்கும் தடவைகளை எண்ணி ஒருவரின் முறையை முடித்து அடுத்தவருக்கு நீரைத் திருப்பினார்கள். இதற்கு முறைப்பானை என்றே பெயர். இதே கருவி ஈரானின் நிலத்தடிக் கால்வாய்ப் பாசனத்திலும் இருந்தது. அங்கே கிண்ணத்தின் அருகில் நம்பகமான முதியவர் ஒருவர் இரவு பகலாக அமர்ந்து கணக்கு வைத்தார். ஓமானின் பழைய நீர்க்கால்வாய்களில் பங்கின் அலகு அரை மணி நேரம். பகலில் நிழற்கோலும் இரவில் விண்மீன்களும் அதைக் காட்டின. பஞ்சாபின் கால்வாய்ப் பாசனத்தில் வாரபந்தி என்னும் வார முறை, ஒவ்வொரு நிலத்துக்கும் மணி, நிமிடம் வரை நேரம் குறிக்கிறது. அங்கே ஒரு நுட்பமான சலுகையும் உண்டு: காய்ந்த வாய்க்காலை நீர் நிரப்பிக்கொண்டு வயலை அடையும் நேரம் உழவரின் பங்கில் பிடிக்கப்படுவதில்லை, தனியே சேர்த்துத் தரப்படுகிறது. கடைமடை உழவரின் வயிற்றெரிச்சலை அறிந்தவர்கள் எழுதிய விதி அது.

நேரத்தைப் பங்கிட்டால் நீரைப் பங்கிட்டதாகுமா? முழுமையாக ஆகாது. ஒரு துளையின் வழியே நீர் பாயும் வேகம், அதன் மேல் நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது. மதகின் மேல் நிற்கும் நீர்மட்டம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், அதே துளையில் அதே ஒரு நாழிகைக்கு வரும் நீர் பாதியாகிவிடும். முறையின் முதல் நாளில் பாய்ச்சியவருக்கும் கடைசி நாளில் பாய்ச்சியவருக்கும் நாழிகை ஒன்றுதான், நீர் ஒன்றல்ல. நல்ல நீர்க்கட்டி இதை அறிவார். கம்பைக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றுவார், அல்லது வயலில் நீர் நிற்கும் அளவைக் காலால் பார்த்துவிட்டு முறையை முடிப்பார். வட்டில் நேரத்தை மட்டும் சொன்னது. போதுமா என்று சொன்னது மனிதர். இந்த வேறுபாடு பின்னால் வந்த எல்லாக் கருவிகளையும் தொடர்ந்து வருகிறது.

மணிப்பொறியின் நேரம் இந்தக் கிராமங்களுக்கு நிலையாக வந்து சேர்ந்தது 1879இல். விழுப்புரம்–புதுச்சேரி ரயில்பாதை அந்த ஆண்டு திறக்கப்பட்டது. வில்லியனூர் அதில் ஒரு நிலையம். தென்னிந்திய ரயில்கள் அப்போது சென்னை நேரத்தில் ஓடின. இந்தியச் செந்தர நேரம் 1906இல் வந்தது. அடுத்து வந்தது ஆலையின் நேரம். புதுச்சேரி நகரின் நூற்பு, நெசவாலைகளில் சுற்றுக் கிராமங்களின் ஆண்களும் பெண்களும் வேலை செய்தார்கள். சங்கு ஊதினால் உள்ளே, மறுபடி ஊதினால் வெளியே. இரண்டாவது சங்கு எப்போது ஊத வேண்டும் என்பதற்காக உயிர்கள் போயின. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சி நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பயனாக 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. குறித்த நேரத்தில் இயந்திரத்தை நிறுத்துவது தொழிலாளரின் உரிமையாகவும் இருக்க முடியும் என்பதை இந்தப் பகுதி அப்படித்தான் கற்றது.

இதற்கிடையில் நீரிலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1870களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் ஆழமாகத் துளையிட்டபோது, இறைக்காமலே நீர் தானாகப் பொங்கி வழியும் ஊற்றுக்கிணறுகள் அமைந்தன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1880இல் இவற்றைப் பற்றி எழுதினார். பாகூர்ப் பகுதியிலும் துளைகள் இறங்கின. அப்படித் துளையிட்டபோதுதான் 1880களில் மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரிப் படிவம் தென்பட்டது. ஊற்றுக்கிணற்றின் பெருமையும் குறையும் ஒன்றே: அது நிற்பதில்லை. தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவு முழுவதும் ஓடும். ஏரிக்கு மதகு இருந்தது, மதகுக்கு ஆள் இருந்தார், ஆளுக்கு ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. இந்தக் குழாய்க்கு மூன்றும் இல்லை. ஓடி வீணான நீரோடு நிலத்தடி அழுத்தமும் நாளடைவில் போயிற்று. பொங்கிய கிணறுகளில் பிறகு மோட்டார் வைத்து இறைக்க வேண்டியதாயிற்று.

நேரம் பார்ப்பதையும் அடைப்பதையும் ஒரே கருவியில் சேர்த்தவை ஐரோப்பாவின் எரிவாயு விளக்குகள். 19ஆம் நூற்றாண்டில் நகரத் தெருக்களில் நிலக்கரி வாயு விளக்குகள் எரிந்தன. இந்தியாவில் கல்கத்தாவுக்கு 1857இலும் பம்பாய்க்கு 1860களிலும் அவை வந்தன. மாலையில் ஏற்றவும் காலையில் அணைக்கவும் ஒவ்வொரு கம்பத்துக்கும் ஓர் ஆள் நடந்தார். அந்த நடையை மிச்சப்படுத்த, அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் ஜான் கன்னிங் என்பவர் விளக்குக்குள்ளேயே ஒரு கடிகாரத்தைப் பொருத்தினார். பாத் நகரில் 1904இல் தொடங்கிய ஹார்ஸ்ட்மன் நிறுவனம் இத்தகைய கருவிகளைப் பெருமளவில் செய்தது. விளக்கில் சிறு சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். குறித்த நேரத்தில் கடிகாரச் சக்கரத்தில் உள்ள முளை ஒரு நெம்புகோலைத் தட்டும். வாயுக் குழாய் திறந்து சுடர் பெரிதாகும். விடியலில் இன்னொரு முளை தட்டும், குழாய் அடைபடும். ஆள் முற்றிலும் விடுபடவில்லை. கடிகாரத்துக்குச் சில நாட்களுக்கு ஒருமுறை சாவி கொடுக்க அவர் வந்தே ஆக வேண்டும்.

இந்தக் கருவிகளுள் மிக அழகானது கதிரவன் வட்டு. இங்கிலாந்தின் தென்பகுதியில் குளிர்கால மறைவு மாலை நாலு மணிக்கு முன்பே வந்துவிடும். கோடையில் ஒன்பதேகால் ஆகிவிடும். ஐந்தரை மணி நேர வேறுபாடு. எனவே கடிகாரத்தின் உள்ளே ஆண்டுக்கு ஒருமுறை சுழலும் ஒரு நெளிவட்டை வைத்து, முளைகள் நாள்தோறும் சிறிது சிறிதாக இடம் மாறும்படி செய்தார்கள். வில்லியனூரில் அந்த வட்டுக்கு வேலையே கிடையாது. இங்கே ஆண்டு முழுவதிலும் கதிரவன் மறைவது ஏறத்தாழ 5.40 மணிக்கும் 6.40 மணிக்கும் இடையில்தான். ஒரு மணி நேர வேறுபாட்டை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கையால் திருத்தினால் போதும். தெருவிளக்குக்கான டைமர் இங்கே மெல்ல வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மாலை ஆறு மணிக்குச் சுவிட்சைப் போடும் ஊழியர் ஒருவரே ஆண்டு முழுதும் பெரும் பிழையின்றிச் செய்துவிடக்கூடிய வேலை அது.

தெருவிளக்கின் கடிகாரம் ஒரு நாள் முழுவதையும் சுற்றி வரும். வீட்டுக்கு வந்தது வேறு வகை: முறுக்கிவிட்டால் பின்னோக்கி ஓடிப் பூச்சியத்தில் நிற்கும் டைமர். 1920களில் அமெரிக்கச் சமையலறையில் மணியடிக்கும் கருவியாகப் பரவிய இது, விரைவில் மின்விசிறி, வெந்நீர்க் கொதிகலன், அடுப்பு ஆகியவற்றின் சுவிட்சாகவும் மாறியது. அதன் உள்ளமைப்பைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது தகும், ஏனென்றால் இன்னும் பல வீடுகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. குமிழைத் திருப்பும்போது உள்ளே ஒரு சுருள்வில் இறுகுகிறது. விட்டதும் வில் விரியப் பார்க்கும். அதைத் தடையின்றி விட்டால் ஒரு நொடியில் விரிந்துவிடும். எனவே பல்சக்கரங்களின் கடைசியில் ஒரு தடுப்பு இருக்கிறது; முன்னும் பின்னும் ஆடும் ஒரு சிறு துண்டு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பல்லை மட்டும் விடுவிக்கும். டிக் டிக் என்று கேட்பது அந்தத் தடுப்பின் ஒலி. குமிழோடு சேர்ந்து சுழலும் வட்டின் விளிம்பில் ஒரு பள்ளம் உண்டு. வட்டு பூச்சியத்துக்கு வரும்போது ஒரு நெம்புகோல் அந்தப் பள்ளத்தில் விழும், மின்தொடர்பு துண்டிக்கப்படும். எரிவாயுவுக்கானதில் மின்தொடர்புக்குப் பதிலாக ஒரு வில் விடுபட்டுக் குழாய்த் திருகை மூடும். தோட்டக் குழாயில் பொருத்துவதும் இதே முறைதான். பொதுவாக இரண்டு மணி நேரம் வரை வைக்கலாம்.

இதன் தனிச்சிறப்பு, நேரம் பார்ப்பதற்கு மின்சாரமே தேவைப்படாமை. நிறுத்துவதற்கான விசையைத் திறந்துவிடும் கையே கொடுத்துவிடுகிறது. திறப்பவர் அடைப்பையும் அதே செயலில் செய்து வைத்துவிட்டுப் போகிறார் என்பதே இந்தக் கருவியின் உயர்ந்த சிந்தனை. குறையும் உண்டு. பல்சக்கரத்தில் தூசியோ துருவோ பிடித்து வட்டு நடுவழியில் நின்றுவிட்டால், நெம்புகோல் பள்ளத்தை எட்டாது. மின்சாரமோ வாயுவோ ஓடிக்கொண்டே இருக்கும். உப்புக்காற்று வீசும் கடலோரக் கிராமங்களில் இதை மறந்துவிடக் கூடாது. டிக் டிக் ஒலி நின்று குமிழ் அசையாமல் இருந்தால், அந்த டைமரை நம்பி அடுப்பையோ வெந்நீர்க் கொதிகலனையோ விட்டுப் போவது ஆபத்து.

தமிழ்ச் சமையலறை இந்தக் கருவியை வரவேற்கவில்லை. வீட்டுக்குக் குழாயில் வாயு வராத ஊர்களில் விறகும் மண்ணெண்ணெயும்தான் எரிந்தன. உருளை வாயு இந்தியாவில் 1955இல் பம்பாயில் அறிமுகமாகி, 1965இல் இண்டேன் என்ற பெயரில் கல்கத்தாவில் தொடங்கி, கிராமங்களை அடையப் பல பத்தாண்டுகள் ஆயின. அதே காலத்தில் பிரஷர் குக்கரும் வந்துவிட்டது. அது தனக்கென ஓர் அளவையோடு வந்தது: விசில். சோற்றுக்கு மூன்று, பருப்புக்கு நாலைந்து, கொண்டைக்கடலைக்கு அதற்கும் மேல் என்று ஒவ்வொரு வீடும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டது. விசில் நேரத்தை அளப்பதில்லை. உள்ளே சேர்ந்த நீராவியை அளக்கிறது. தீ கூடினால் விசில் சீக்கிரம் வரும், குறைந்தால் தாமதமாகும். நீர்க்கட்டி வயலில் கால் வைத்துப் பார்த்ததைப் போன்ற அறிவு இது: கடிகாரத்தை விட்டுவிட்டு விளைவைப் பார்ப்பது. ஆனால் விசில் தானாக அடுப்பை நிறுத்தாது. யாராவது ஒருவர் காதைக் கொடுத்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் பெண். அடைக்கும் வேலைக்குக் கூலி இல்லாத ஆள் கிடைத்ததால்தான் அடைக்கும் கருவியின் தேவை நெடுங்காலம் உணரப்படவில்லை. தென் கொரியாவில் முதியோர் தனித்து வாழும் வீடுகளின் எரிவாயுக் குழாயில் டைமர் திருகு பொருத்த உள்ளாட்சிகளே உதவுகின்றன. பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட்ட வில்லியனூர் வீடுகளுக்கும் அது இப்போது பொருந்தும். சாவி முறுக்கும் வாயு டைமர்கள் இந்தியாவிலும் விற்பனைக்கு உண்டு.

மின்சாரம் வந்தபின் நிலைமை வேறாயிற்று. தமிழகத்தில் 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர் என்று நீர்மின் நிலையங்கள் எழுந்து கிராமங்களுக்குக் கம்பி இழுக்கத் தொடங்கின. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நடைமுறையில் இந்தியாவுடன் இணைந்தது. 1962இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. ஊற்று நீரைத் தேடிப் பாகூரில் துளையிட்டவர்கள் கண்ட அதே வகை நிலக்கரி மின்சாரமாகி, நிலத்தடி நீரை மேலே இழுக்கும் மோட்டார்களுக்கு வந்து சேர்ந்தது. ஏற்றமும் மாடு இழுக்கும் கவலையும் மறைந்து பம்புசெட் வந்தது. ஏற்றம் இறைத்தவரின் உடம்பே அதன் டைமர், களைத்ததும் நிறுத்துவார். மோட்டாருக்குக் களைப்பு கிடையாது.

இந்தக் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைந்த முதல் சாவி டைமர், தனியாக விலைக்கு வரவில்லை. இரட்டைத் தொட்டி கொண்ட அரைத் தானியங்கிச் சலவை இயந்திரத்தின் பாகமாக வந்தது. துவைக்கும் தொட்டிக்குப் பொதுவாகப் பதினைந்து நிமிடம், பிழியும் தொட்டிக்கு ஐந்து நிமிடம். துவைக்கும் டைமர் நேரத்தை எண்ணுவதோடு இன்னொரு வேலையும் செய்கிறது: அதன் நெளிவட்டுகள் சில நொடிகளுக்கு ஒருமுறை மோட்டாரை ஒரு பக்கமும் மறுபக்கமும் மாற்றிச் சுழலவிடுகின்றன. கரண்ட் போனால் துணி நிற்கும், வில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பக் கரண்ட் வரும்போது நேரம் முடிந்திருந்தால் இயந்திரம் தானாகக் கிளம்பாது. மின்வெட்டு மிகுந்த ஊர்களுக்கு இது நல்ல பாதுகாப்பு. 1950களில் கோயம்புத்தூரில் உருவான வெட் கிரைண்டரில் நெடுங்காலம் டைமர் இருந்ததில்லை. மாவின் பதத்தைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள். பதத்தை நிமிடக் கணக்கில் சொல்ல முடியாது.

தெருவிளக்குகளுக்கும் குடிநீர் மோட்டார்களுக்கும் பின்னர் வந்த மின்சார டைமர்களுக்கு இந்தச் சாவியின் நன்மை கிடைக்கவில்லை. சுருள்வில்லை நீக்கிவிட்டு மின்மோட்டாரால் ஓடும் டைமர், மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் அதன் கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்தங்கும். மறுநாள் காலை விடிந்தும் இரண்டு மணி நேரம் விளக்கு எரியும். பகலில் எரியும் தெருவிளக்கைக் கண்டு கம்யூன் பஞ்சாயத்தை ஊர் ஏசியதற்குப் பல இடங்களில் இதுவே காரணம். மின்வெட்டைத் தாண்டி ஓடச் சுருள்வில் இருப்பு வைத்த வகைகளும், பின்னர் மின்கலம் வைத்த குவார்ட்ஸ் வகைகளும், இறுதியில் ஒளியை உணர்ந்து எரியும் சுவிட்சுகளும் வந்து அந்தக் குறையைத் தீர்த்தன.

வீட்டு மாடித் தொட்டியில் டைமர் எதிர்கொள்ளும் சிக்கல், ஏரி மதகின் சிக்கலேதான். மணிக்கு 2,000 லிட்டர் ஏற்றும் மோட்டார், 1,000 லிட்டர் தொட்டியை அரை மணியில் நிரப்பும். டைமரை முப்பது நிமிடத்துக்கு வைத்தால் கணக்கு சரி. ஆனால் மின்னழுத்தம் குறைந்தாலோ கிணற்றில் நீர்மட்டம் இறங்கினாலோ அதே முப்பது நிமிடத்தில் தொட்டி நிறையாது. தொட்டியில் ஏற்கெனவே பாதி நீர் இருந்தால் வழிந்தோடும். எனவே நீர் விஷயத்தில் மிதவை வால்வும் மிதவை சுவிட்சும் டைமரைவிட மேலானவை. அவை நீரையே பார்க்கின்றன. டைமருக்கு உரிய இடம், கிணறு வற்றும்போது மோட்டார் வெறுமனே ஓடிக் கருகாமல் காக்கும் இரண்டாவது காவல். சிறிய சாவி டைமரின் தொடர்பு முனைகள் மோட்டார் கிளம்பும் நேரத்து மின்னோட்டத்தைத் தாங்கா என்பதால், அதை நேரடியாக மோட்டாரில் இணைக்காமல் கான்டாக்டர் என்னும் பெரிய மின்னோட்டம் தாங்கும் சுவிட்ச் வழியாக இணைப்பது மின்பணியாளர்களின் வழக்கம். வாயு, வெந்நீர், மின்விசிறி ஆகியவற்றில் டைமர் முதலிடம் பெறும். நீரில் அது துணைக்கு மட்டும்.

வயல் மோட்டாரில் எதிர்த்திசை மாற்றம் ஒன்று நேர்ந்தது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மும்முனை மின்சாரம் நெடுங்காலம் நாளில் சில மணிகளுக்கு மட்டும் வந்தது. நள்ளிரவில் வரும் கரண்ட்டுக்காக எழுந்து வயலுக்குப் போகாமல் இருக்க, கரண்ட் வந்ததும் தானாகக் கிளம்பும் ஆட்டோ ஸ்டார்ட்டரை உழவர்கள் பொருத்தினார்கள். தேளும் பாம்பும் உள்ள வரப்பில் இருட்டில் நடப்பவரின் துயரத்தை அது தீர்த்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தானாகத் திறப்பது வந்த வேகத்தில் தானாக அடைப்பது வரவில்லை. கரண்ட் உள்ளவரை மோட்டார் ஓடும், வயல் நிறைந்தாலும் ஓடும். கட்டணம் இல்லாத மின்சாரத்தில் நிறுத்துவதற்குப் பணக் காரணமும் இல்லை. டைமர் வைத்து நிறுத்தும் ஸ்டார்ட்டர்களும் கைபேசியால் நிறுத்தும் கருவிகளும் அதன் பிறகே கடைக்கு வந்தன.

நிலத்தடி நீர் இறங்கியதும், கடலோரப் பாகூர்ப் பகுதியில் உப்புநீர் உட்புகும் அச்சம் எழுந்ததும் அரசின் கவனத்தைத் திருப்பின. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரியில் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. கரைகளும் மதகுகளும் வாய்க்கால்களும் பழுது பார்க்கப்பட்டன, ஏரிப் பயனாளர் சங்கங்கள் அமைந்தன. 2002இல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. பழைய கம்பு மதகுகள் பலவற்றின் இடத்தில் திருகினால் ஏறி இறங்கும் இரும்புக் கதவுகள் வந்துவிட்டன. நீர்க்கட்டியின் வேலை பல ஊர்களில் வழக்கொழிந்துவிட்டது. ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவருக்கு முறையும் தேவையில்லை, முறை பார்ப்பவரும் தேவையில்லை.

சுருள்வில் டைமரின் இடத்தை இன்று பெரும்பாலும் மின்னணுச் சில்லு பிடித்துவிட்டது. அரைத் தானியங்கிச் சலவை இயந்திரம், ரொட்டி சுடும் மின்அடுப்பு போன்றவற்றில் சாவி டைமர் விடாமல் நிற்கிறது. விலை குறைவு, பழுதானால் திருகாணி இரண்டைக் கழற்றி மாற்றிவிடலாம், கரண்ட் ஏறி இறங்கினாலும் சில்லைப் போல் எரிந்துபோகாது. வில்லியனூர் போன்ற ஊர்களுக்கு இன்றும் அதுவே பொருத்தமான டைமர்.